ஓசூரில் போட்ட ஆறாவது டிக்

அரைமணி நேரம் இட்லி சாப்பிடப் போனதைத் தவிர, அந்த மூன்று நாளும் நான் தமிழ்நாட்டை விட்டு வெளியேறவில்லை. என் கைப்பேசி இதை ஒப்புக்கொள்ளாது. ஜூஜுவாடியில் நெடுஞ்சாலையோரம் நான் தங்கிய விடுதியில், கட்டிலில் உட்கார்ந்தால் கர்நாடகத்துக்கு நல்வரவு என்று செய்தி வரும். எழுந்து நான்கு எட்டு வைத்து ஜன்னலோர நாற்காலிக்கு வந்தால் தமிழ்நாடு மறுபடி சேர்த்துக்கொள்ளும். ஆகவே யார் அழைத்தாலும் ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து நான் கட்டிலிலிருந்து எழுந்து ஜன்னலுக்கு ஓடுவேன். பாஸ்போர்ட் மட்டும் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழு, பிப்ரவரி. அதற்கு முந்தைய வருடம்தான் தொலைத்தொடர்புப் பயிற்சி நிலையம் ஒன்றில் முப்பத்து மூன்று வருடம் பாடம் நடத்தி முடித்து, சால்வையும் சுவர்க்கடிகாரமும் வாங்கிக்கொண்டு சென்னையில் வீட்டோடு உட்கார்ந்திருந்தேன். எந்தக் கருவியை எப்படிப் பொருத்துவது, எப்படிக் கழற்றுவது, கழற்றியதை யாரிடம் எழுதி ஒப்படைப்பது என்று எல்லாவற்றுக்கும் எங்கள் துறையில் முறை உண்டு. அந்த முறைகளில் பாதியை எழுதியது நான். மீதிப் பாதியைத் திருத்தியதும் நான்.

நாகராஜ் ஒரு காலத்தில் என் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்கியவன். அரசாங்க வேலையை விட்டுவிட்டு ஓசூரில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் சேர்ந்து, பராமரிப்புப் பிரிவு மேலாளர் ஆகியிருந்தான். அவன்தான் அழைத்தான்.

"மேடம், தினம் மத்தியானம் ரெண்டரைக்கு எங்க சிஸ்டம் அப்படியே நின்னுடுது. எட்டு நிமிஷம். அப்புறம் தானா ஓடுது. யாராலயும் கண்டுபிடிக்க முடியல. நீங்க வந்தாத்தான் ஆகும்."

ஆலையில் ஒவ்வொரு பெட்டிக்கும் கணினி ஒரு லேபிள் அச்சிட்டுத் தர வேண்டும். லேபிள் இல்லாத பெட்டி லாரியில் ஏறாது. அந்தக் கணினியின் தகவல்கள் கணினிக்குள் இல்லை. பக்கத்திலேயே ஒரு ஸ்டோரேஜ் பெட்டியில் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் தகவலைக் கைமாற்றிவிடும் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச், சில கேபிள்கள். ஸ்டோரேஜ் விற்றவர்கள் ஸ்விட்சைக் குற்றம் சொன்னார்கள். ஸ்விட்ச் விற்றவர்கள் ஸ்டோரேஜைக் குற்றம் சொன்னார்கள். இரண்டு பேரும் சேர்ந்து, ஸ்விட்சை அமைத்த ஆலை ஊழியரைக் கைகாட்டினார்கள். இந்த மாதிரிச் சண்டையைத் தீர்க்க ஒரே வழி, கேபிளில் ஓடுவதை அப்படியே பிடித்துப் பார்ப்பது. அதற்கு ஒரு மடிக்கணினியும், அதன் நெட்வொர்க் அட்டையைச் சரியாகத் தயார்செய்யத் தெரிந்த ஆளும் போதும். இரண்டும் என்னிடம் இருந்தன.

செவ்வாய் மாலை போய்ச் சேர்ந்தேன். குளிர். சென்னையில் பிப்ரவரியில் மின்விசிறி ஓடும். இங்கே விடுதிக்காரர் காதில் மப்ளர் சுற்றியிருந்தார். எதிரில் இருந்த மெஸ்ஸில் ராகிக் களியும் கீரையும் போட்டார்கள். நான் மரியாதையாக மென்று தின்பதைப் பரிமாறிய அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மெல்லாதம்மா. உருட்டு, கொழம்புல தோய், முழுங்கு. மென்னா பல்லுல ஒட்டிக்கும்."

"முழுங்கினால் தொண்டையில் நிற்காதா?"

"நின்னா இன்னொரு உருண்டை போடு. அது தள்ளிக்கினு போவும்."

இவ்வளவு தெளிவான செயல்முறை விளக்கத்தை எங்கள் துறையில் நான் கேட்டதில்லை.

அறைக்குத் திரும்பி மடிக்கணினியைத் திறந்தேன். அட்டையைத் தயார்செய்யப் பதினான்கு படிகள் கொண்ட பட்டியல் ஒன்றை நான் முன்பே எழுதி அச்சிட்டிருந்தேன், படிக்கு ஒரு கட்டம். சாதாரணமாக ஒரு நெட்வொர்க் அட்டை தன் பெயருக்கு வந்த தகவல் பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். அந்த நாகரிகத்தை முதலில் மறக்கடிக்க வேண்டும். ஊரார் பொட்டலம் எல்லாவற்றையும் அது எடுக்க வேண்டும். அடுத்து, அது எதுவும் பேசாதபடி அதன் முகவரியையும் நெறிமுறைகளையும் நீக்க வேண்டும், ஒட்டுக்கேட்பவர் இருமக்கூடாது. பிறகு, வரும் பொட்டலங்களை அட்டையே சரிபார்த்துச் சேர்த்துத் தைத்துத் தரும் வசதிகளை அணைக்க வேண்டும். நமக்கு வேண்டியது கேபிளில் வந்தபடி கசங்கல் உட்பட. ஐந்து படிகள் செய்தேன். அப்போது பெங்களூரின் செல்போன் கோபுரம் வழியாக என் அக்கா அழைத்தாள். நான் ஜன்னலுக்கு ஓடித் தமிழ்நாட்டில் நின்று, காஸ் சிலிண்டரை மூடிவிட்டுத்தான் வந்தேன் என்று கால்மணி நேரம் வாதாடினேன். திரும்பி வந்து மீதி வேலையை முடித்து, பதினான்கு கட்டங்களிலும் மேலிருந்து கீழே வரிசையாக டிக் போட்டேன். என் டிக்குகள் அழகானவை. துறையில் பெயர் போனவை.

புதன் காலை வேலைக்கு முன்னால் தட்டு இட்லி சாப்பிட ஆசை. ஆட்டோக்காரர் எல்லைக்கு இருநூறு அடி முன்னாலேயே நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மேல நம்ம வண்டி போவாதுங்கம்மா. அந்தப் பக்கம் பர்மிட் இல்ல. நீங்க நடந்து போங்க, ஆளுங்களுக்கு பர்மிட் வேணாம்."

சோதனைச் சாவடியில் லாரிகள் ஒரு பர்லாங்குக்கு நின்றன. அவற்றின் நடுவே நடந்து அத்திப்பள்ளிக்குப் போய், தட்டு அளவு இட்லியும் வெல்லம் போட்ட சாம்பாரும் சாப்பிட்டேன். பக்கத்து மேசையில் இருவர் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புரிந்த அளவில் அவர்கள் சொன்னது: "ஓசூர் சாம்பார் ஒரே புளிப்பு. அதனால்தான் அங்கே எல்லோரும் அவ்வளவு வேகமாக வண்டி ஓட்டுகிறார்கள்." இனிப்பு சாம்பாரைப் பற்றி எனக்கும் கருத்து இருந்தது. விருந்தாளி என்பதால் விழுங்கினேன். முந்தைய நாள்தான் பயிற்சி கிடைத்திருந்தது.

ஆலையில் சர்வர் அறையின் பொறுப்பாளர் மாதையன். நாற்பது வயது இருக்கும், மெலிந்த ஆள். போச்சம்பள்ளிப் பக்கம் ஊர். வயரிங் எலக்ட்ரீஷியனாக உள்ளே வந்து, கேபிள் இழுத்து, ஸ்விட்ச் பொருத்தி, தானே படித்து, பதினோரு வருடத்தில் அந்த அறைக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகியிருந்தார். எல்லோரும் கைகாட்டிய ஊழியர் இவர்தான்.

"வணக்கங்க மேடம். செருப்ப இங்க வுட்டுடுங்க. தூசி ஆவாதுங்க உள்ள."

உள்ளே ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப்பொட்டு ஸ்டோரேஜ் பெட்டியின் நெற்றியில் காய்ந்திருந்தது. கேபிள்கள் ஒவ்வொன்றிலும் சின்ன வெள்ளைச் சீட்டு, எண், தேதி. இவ்வளவு ஒழுங்கான கேபிள் அடுக்கை நான் எங்கள் பயிற்சி நிலையத்தின் காட்சி அறையில்கூடப் பார்த்ததில்லை. ஸ்டோரேஜ் பெட்டி செருகியிருந்த துளையில் போகிற வருகிற எல்லாவற்றையும் நகலெடுத்து வேறொரு துளைக்கு அனுப்பும்படி ஸ்விட்சுக்குச் சொல்ல வேண்டும். நான் அதை விளக்க வாயெடுப்பதற்குள் அவர் இரண்டு வரி தட்டி முடித்துவிட்டார். நான் என் பட்டியலின் ஒரு பிரதியை, டிக்குகளோடு, அவரிடம் கொடுத்தேன். அவர் அதை நின்றபடியே முழுக்கப் படித்தார்.

இரண்டு இருபத்தைந்துக்குப் பிடிக்கத் தொடங்கினேன். சரியாக இரண்டரைக்கு லேபிள் இயந்திரம் நின்றது. எட்டு நிமிடம் கழித்து ஓடியது. அது நின்றபோது ஆலை முழுக்க ஷிப்ட் மாறும் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. நான் பிடித்ததில் அந்த எட்டு நிமிடத்தைத் திறந்து பார்த்தேன். கணினி தகவல் கேட்கிறது. கேட்டது ஸ்டோரேஜுக்குப் போய்ச் சேருகிறது. பதில் வரவில்லை. ஒன்றுகூட இல்லை.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஸ்டோரேஜ் தகவலைப் பெரிய பொட்டலமாக அனுப்பும், வழக்கமான அளவைப்போல ஆறு மடங்கு. பெரிய பொட்டலத்தை விட வேண்டும் என்று ஸ்விட்சில் எழுதினால் மட்டும் போதாது. அந்த வகை ஸ்விட்சை அதன்பின் ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அது சொல்லாமல் கொள்ளாமல் பெரியதை எல்லாம் கீழே போட்டுவிடும். நான் இதை எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்.

நாலு மணிக்குக் கூட்டம். நாகராஜ், மாதையன், ஸ்டோரேஜ் விற்றவர்களின் பெங்களூர்ப் பிரதிநிதி கிரண், நான். கிரண் கையில் ஸ்டோரேஜின் பதிவுத்தாள்.

"பாருங்க சார், எங்க லாக்ல ரெண்டரைக்கு ஒண்ணுமே இல்ல. ரெண்டரைக்கு எங்க பெட்டி சும்மா ஹாயா இருக்கு" என்றார்.

நான் என் முடிவைச் சொன்னேன். பெரிய பொட்டலங்கள் ஸ்விட்சில் சாகின்றன. மாற்றியபின் அணைத்துப் போடவில்லை.

மாதையன் மெல்லச் சொன்னார்: "பொங்கல் லீவுல ஆஃப் பண்ணிப் போட்டங்க மேடம்."

"போட்டிருந்தால் பெரிய பொட்டலம் ஒன்றாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. ஒன்றுகூட இல்லை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார்.

கிரண் மலர்ந்துவிட்டார். "மேடமே சொல்லிட்டாங்க. நாங்க ஆறு மாசமா அதத்தான சொல்றோம்."

நாகராஜ் பெருமூச்சு விட்டான். "மாதையா, உம்மேல தப்பில்லனு நான் எவ்ளோ பேசிருக்கேன் மேல. இப்ப என்னா பண்றது? எம்.டி. ஏற்கெனவே சர்வர் ரூம பெங்களூர் கம்பெனிக்குக் கொடுத்துடலாம்னு சொல்லிகினு இருக்காரு. திங்கக்கெழமைலேந்து நீ டெஸ்பாட்ச் கேட்டைப் பாத்துக்க."

"சரிங்க சார்" என்றார் மாதையன். கிளம்பும்போது என்னிடம், "இந்த லிஸ்ட் காப்பி நான் வெச்சுக்கலாங்களா மேடம்?" என்று கேட்டு, அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு மனிதருடைய பதினோரு வருடத்தை அரைமணி நேரத்தில் வாசலுக்கு அனுப்பியதற்காக வருத்தம் இருந்தது. ஆனால் உண்மை உண்மைதானே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. நன்றாகத் தூங்கினேன், கர்நாடகப் பக்கக் கட்டிலில்.

வியாழன் காலை பத்து மணிக்கு அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். நெடுஞ்சாலையில் ஆலைப் பேருந்து வரும், ஏறிக்கொள்ளுங்கள், வெள்ளையில் நீலக்கோடு என்று நாகராஜ் சொல்லியிருந்தான். வெள்ளையில் நீலக்கோட்டோடு வந்தது. ஏறினேன். நல்ல இடம் கிடைத்தது. பேருந்து ஓசூரைத் தாண்டி, ஓசூரைத் தாண்டியபின்னும் நிற்காமல், மாந்தோப்பும் பாறையுமாகக் கிருஷ்ணகிரி நோக்கிப் பறந்தது. அருகில் இருந்த பெண்ணிடம் ஆலையின் பெயரைச் சொல்லி எப்போது வரும் என்று கேட்டேன். அவள் தெற்கத்திப் பெண் என்பது வாய் திறந்ததும் தெரிந்தது.

"யம்மா, இது போச்சம்பள்ளி வண்டில்லா! ஏட்டி, இங்க பாரு, அந்தக் கம்பெனி ஆளு நம்ம வண்டில ஏறிட்டு வாராவ!"

பேருந்து முழுக்கச் சிரித்தது. பின்னாலிருந்து மதுரைக் குரல் ஒன்று, "அம்மாவுக்கு ஒரு யூனிஃபார்ம் குடுத்துருவோம்ப்பா, அசெம்பிளி லைன்ல ஆள் கம்மியாத்தேன் இருக்கு" என்றது.

ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "போர்டு பாக்கலீங்களா?"

"நிறத்தைப் பார்த்தேன்."

"எல்லா கம்பெனி வண்டியும் அதே கலருதாங்க. போர்டு மட்டுந்தான் வேற."

சென்னையில் தவறான பேருந்தில் ஏறினால் நடத்துநர் நம் வம்சத்தைப் பற்றிப் பேசுவார். இங்கே அந்தப் பெண் தன் டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சாதத்தில் பாதியை மூடியில் வைத்துத் தந்தாள். சூளகிரியில் இறக்கிவிட்டார்கள். திரும்புவதற்கு ஓட்டுநரே கைகாட்டி ஒரு தக்காளி மினிலாரியை நிறுத்தினார். அதன் சொந்தக்காரர் தெலுங்குக்காரர், வழியெல்லாம் பேசினார். நான் புரிந்துகொண்டவரை: "தக்காளி பழுத்தால் விலை இல்லை. விலை இருந்தால் தக்காளி இல்லை. உங்களுக்கு எப்படி, பென்ஷன் மாதா மாதம் வந்துவிடுகிறதா?" வருகிறது என்றேன். ஏதோ நானே அதை விளைவித்ததுபோல என்னை மரியாதையாகப் பார்த்தார்.

ஆலைக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை. நாகராஜ் கூட்டத்தை மூன்று மணிக்குத் தள்ளியிருந்தான். கேண்டீனில் சாப்பிட்டேன். அறிக்கை தட்டச்சாகி மேசைமேல் இருந்தது, என் கையெழுத்துக்கு மட்டும் காத்துக்கொண்டு. பேனாவை எடுத்தபோது மாதையன் வந்தார். கையில் நான்காக மடித்த அந்தத் தாள்.

"மேடம், தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க. இன்னும் ரெண்டு நாள்தான் நான் இந்த ரூம்ல. அதுக்குள்ள கத்துக்கலாம்னு. இதுல ஆறாவது ஐட்டம் எப்படிப் பண்றதுன்னு ஒருக்கா காட்டுறீங்களா?"

ஆறாவது ஐட்டம்: அட்டையைப் பெரிய பொட்டலங்களை ஏற்கும்படி அமைப்பது. பயிற்றுவிப்பது என் தொழில். பேனாவை மூடிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். "இதோ பாருங்க மாதையன். அட்டையோட பண்புகள். மேம்பட்ட அமைப்புகள். இந்தப் பட்டியல்ல ஜம்போன்னு ஒரு வரி இருக்கும். அதுல சின்ன அளவை எடுத்துட்டு ஒன்பதாயிரத்துச் சொச்சம் வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே போய் அந்த வரியைத் தொட்டேன்.

சின்ன அளவுதான் இருந்தது.

ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். கடையிலிருந்து வந்தபடி, யாரும் தொடாமல்.

சிறிய வாசல் உள்ள அட்டை பெரிய பொட்டலத்தை வாசலிலேயே தள்ளிவிடும். மடிக்கணினிக்கு அது வந்ததே தெரியாது. நேற்று ஸ்விட்ச் பெரிய பொட்டலங்களைக் கொன்றதாக நான் சொன்னேன். ஸ்விட்ச் ஒழுங்காக அனுப்பியிருக்கிறது. கொன்றது என் மடிக்கணினி. அக்காவோடு ஜன்னலில் நின்று காஸ் சிலிண்டரைப் பற்றிப் பேசிவிட்டு வந்து, ஆறைத் தாண்டி ஏழில் தொடங்கியிருக்கிறேன். டிக் மட்டும் ஆறிலும் அழகாக இருந்தது.

இதைவிட மோசமானது ஒன்றும் இருந்தது. பிடித்த பதிவை மறுபடி திறந்தேன். எட்டு நிமிடத்துக்கு முந்தைய ஐந்து நிமிடத்தை நேற்று நான் பார்க்கவே இல்லை. அதில் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நேரத்திலும் பெரிய பொட்டலம் ஒன்றுகூட இல்லை. ஆனால் 'கிடைத்தது, கிடைத்தது' என்று கணினி ஸ்டோரேஜுக்கு ரசீது அனுப்பியபடியே இருந்தது. வராததற்கு யாராவது ரசீது தருவார்களா? முதல் வருடப் பயிற்சியாளர் இதைக் கவனிக்காவிட்டால் நான் அவரைச் சாப்பாட்டு இடைவேளை முடியும்வரை நிற்கவைத்திருப்பேன்.

மாதையன் திரையைப் பார்க்காமல் ஏசியின் காற்றோட்டத்தைச் சரிபார்ப்பதுபோல எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு நேத்தே தெரியும்" என்றேன்.

"சந்தேகந்தாங்க மேடம். பெருசு ஒண்ணுகூட வரலேன்னு சொன்னீங்க பாருங்க, அப்ப தோணுச்சு."

"கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே. வேலை போகுதே உங்களுக்கு!"

"அத்தினி பேரு முன்னாடி எப்பிடிங்க? நீங்க பெரியவங்க. சாரே உங்ககிட்ட படிச்சவரு." சற்று நிறுத்தி, "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேட்டுடலாம்னு காலைலேந்து பாத்துகினு இருந்தேன். நீங்கதான் வரலீங்க" என்றார்.

நான் போச்சம்பள்ளி வண்டியில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, போச்சம்பள்ளிக்காரர் ஒருவர் ஒரு கேள்வியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருக்கிறார்.

மணி இரண்டு பத்து. ஒன்பதாயிரத்துப் பதினான்கு என்று மாற்றினேன். பதினான்கு படிகளையும் முதலிலிருந்து செய்தேன். நான் செய்ய, மாதையன் பார்த்து உரக்க வாசிக்க. இரண்டு இருபதுக்குப் பிடிக்கத் தொடங்கினோம். பெரிய பொட்டலங்கள் திரையில் மழைபோலக் கொட்டின. ஸ்விட்ச் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. பொங்கல் விடுமுறையில் அணைத்துப் போட்டதாகச் சொன்னவர் அணைத்துத்தான் போட்டிருந்தார்.

இரண்டரை. வெளியே சங்கு. திரையில் மழை சட்டென்று நின்றது. கணினி கேட்கிறது, கேள்வி ஸ்டோரேஜுக்குப் போகிறது, ஸ்டோரேஜ் வாயே திறக்கவில்லை. அதன் சொந்தத் துளையிலேயே ஒன்றும் வெளிவரவில்லை. அனுப்பாத பொட்டலத்தை ஸ்விட்ச் எப்படித் தொலைக்கும்?

"பெட்டிதான்" என்றேன். "ஆனால் அதன் பதிவில் இரண்டரைக்கு ஒன்றும் இல்லையே."

மாதையன் பக்கத்துத் திரையில் ஸ்டோரேஜின் கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறந்திருந்தார். நெருங்கிப் போய்ப் பார்த்தார்.

"மேடம், இதோட மூலைல மணி ஒம்பது மூணுன்னு காட்டுது."

இருவரும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தோம். இரண்டு முப்பத்து மூன்று. பெட்டியைப் பொருத்தியவர்கள் அதன் கடிகாரத்தை இந்தியாவுக்கு மாற்றாமலே போயிருந்தார்கள். ஓசூரில் சந்தனப்பொட்டோடு நின்ற பெட்டி ஆறு மாதமாக லண்டன் கிரீன்விச் நேரத்தில் வாழ்ந்துவந்திருக்கிறது. தினமும் ஒன்பது மணிக்குத் தன் வட்டுகளைத் தானே சோதிக்க வேண்டும் என்று தயாரித்த இடத்திலிருந்தே வந்த ஏற்பாடு அதில் அப்படியே இருந்தது. சோதனை முடியும்வரை, எட்டு நிமிடம், அது யாருக்கும் பதில் சொல்லாது. அங்கே ஒன்பது என்றால் இங்கே இரண்டரை. ஷிப்ட் மாறும் நேரம் என்பதால் எல்லோரும் ஆலைக்குள் காரணத்தைத் தேடினார்கள். கிரண் தன் பதிவுத்தாளில் இரண்டரையைத் தேடி, ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருந்தார். ஒன்பதைப் பார்த்திருந்தால் தினம் ஒரு வரி இருந்திருக்கும்.

என் அட்டைக்கு அதன் சிறிய அளவும், அந்தப் பெட்டிக்கு அதன் லண்டன் நேரமும் கடையிலிருந்து வந்தபடியே, யாரும் மாற்றாமல் இருந்தன. இதை யோசித்தபோது எனக்குக் கிரண்மேல் கோபம் வர மறுத்தது.

மூன்று மணிக் கூட்டத்தில் ஸ்டோரேஜ் கதையை முதலில் சொல்லிவிட்டு, என் தவறை நடுவில் எங்காவது நழுவவிடலாம். அதற்கும் முறை உண்டு. துறையில் அதை 'மறு ஆய்வில் கூடுதல் தகவல் கிடைத்தது' என்று எழுதுவோம். அந்த வாக்கியத்தை நானே பலருக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன். மாதையன் முந்தைய நாள் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து நின்று தொடங்கினேன்.

"நேற்று நான் சொன்னது தவறு. ஸ்விட்சில் குறை இல்லை. என் மடிக்கணினியின் அட்டையில் ஆறாவது படியைச் செய்யாமலே செய்ததாக டிக் போட்டிருந்தேன். அதைக் கண்டுபிடித்தவர் மாதையன். ஸ்டோரேஜின் மணியைக் கண்டுபிடித்தவரும் அவர்தான்."

நாகராஜ் வாய் பிளந்தான். பதினைந்து வருடத்துக்கு முன் வகுப்பில் அவன் விழித்திருந்த நேரத்தில்கூட இந்த முகத்தை நான் பார்த்ததில்லை. கிரண் பதிவுத்தாளை வெடுக்கென்று புரட்டினார். ஒன்பது மணி வரியில் அவர் விரல் நின்றது.

"அது... டிஃபால்ட் மேடம்" என்றார்.

"என்னுடையதும் டிஃபால்ட்தான் கிரண்" என்றேன்.

வட்டுச் சோதனையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற மாதையனுக்கு மூன்று நிமிடம் ஆனது. நாகராஜ் எம்.டி.க்குப் போன் போட்டான். என் முன்னாலேயே போடச் சொன்னேன். கன்னடத்தில் பேசினான். அதில் 'மாதையன்' என்ற பெயர் நான்கு முறையும் 'மேடம்' ஒரு முறையும் வந்தது. அந்த ஒரு முறையின்போது அவன் திரும்பி நின்றுகொண்டான்.

"டெஸ்பாட்ச் கேட்டு?" என்று அவன் போனை வைத்ததும் கேட்டேன்.

"அது வேணாம் மேடம். மாதையா, நீ இங்கயே இரு. பெங்களூர்க்காரன் வரல."

"சரிங்க சார்." முந்தைய நாள் சொன்ன அதே சரிங்க சார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் சர்வர் அறைக்குத் திரும்பும்போது, செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே இரண்டு அடி வைத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி ஓடினார்.

வெள்ளி மத்தியானம் சரியாக இரண்டரைக்கு லேபிள் இயந்திரத்தின் அருகில் ஒரு கூட்டமே நின்றது. சங்கு ஊதியது. இயந்திரம் லேபிளைத் துப்பிக்கொண்டே இருந்தது. யாரோ கைதட்டினார்கள். ஒரு லாரி ஓட்டுநர், "அப்ப இனிமே டீ குடிக்க டைமே கெடையாதா?" என்று கேட்டார்.

மூன்று மணிக்கு எனக்குப் பேருந்து. மடிக்கணினி ஆலையை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். மாதையன் எழுதித் தந்தார். பொறுப்பாளர் என்ற இடத்தில் அவர் கையெழுத்து, அதன் கீழே 'சர்வர் அறை' என்று அவரே எழுதியது, கேபிள் சீட்டில் எழுதும் அதே குட்டி எழுத்தில். பட்டியலின் அந்தப் பிரதியைத் திருப்பிக் கேட்டேன். ஆறாவது டிக்கை அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, புதிதாக ஒரு டிக் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை மறுபடி நான்காக மடித்தார்.

வாசலில் காவலாளி வயதானவர். சீட்டை வாங்கினார். மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டார். மடிக்கணினியைக் கவிழ்த்து, அடியிலுள்ள பதினோரு எழுத்து வரிசை எண்ணை ஒவ்வொன்றாக விரல் வைத்து உரக்கப் படித்தார். சீட்டில் உள்ளதோடு ஒப்பிட்டார். எட்டாவதில் சந்தேகம் வந்து முதலிலிருந்து தொடங்கினார். நெடுஞ்சாலையில் என் பேருந்து வந்து நிற்பது தெரிந்தது. பலகையைப் பார்த்தேன், என்னுடையதுதான்.

"அவசரங்களாம்மா?" என்று நிமிராமலே கேட்டார்.

"இல்லை. பாருங்க" என்றேன்.

பதினோராவது எழுத்தையும் பார்த்தார். அதற்குப் பிறகுதான் டிக் போட்டார்.